அளக்கும் கால்மேல் கேமரா

நேற்று எடுத்த தேன்சிட்டுப் படங்கள் அத்தனையும் கலங்கியிருந்தன. அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸின் கனத்துக்கு என் டிரைபாட் காற்றில் ஆடியிருக்கிறது. அப்போதுதான் யோசனை வந்தது: நிலம் அளப்பவர்கள் கருவியை நிறுத்தும் மூன்று கால் மரத் தாங்கி ஆடவே ஆடாதே! தானா ராத்தா மலையூரில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் ஒன்று இருந்தது. கேட்டு வாங்கி, லென்ஸைச் சமனாகத் தாங்கித் திருப்பும் கிம்பல் தலையை அதன்மேல் பொருத்திவிட்டேன்.

இன்று காலை தேயிலைச் சரிவில் அதை ஊன்றுகிறேன். துளியும் ஆடவில்லை. ஆனால் கொழுந்து வெட்டும் கத்தரியோடு ஓர் அக்கா வந்து லென்ஸை மறைத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், வாசலில் முட்டைக்கோஸ் பாத்தி.

“தோட்டத்து மேனேஜர் அனுப்புனாரா, தம்பி?”

“இல்லக்கா, குருவி படம் எடுக்க வந்தேன்.”

“குருவிக்கு எதுக்கு லா அளக்குற காலு? போன தடவ அவரு அனுப்புன ஆளுங்களும் இப்படித்தான் மூணு கால ஊனுனாங்க. அடுத்த மாசம் இடத்தக் காலி பண்ணச் சொல்லி என் பாத்தியில செவப்புக் கொடி நட்டாச்சு.”

கேமரா திரையில் தேன்சிட்டைக் காட்டுகிறேன்.

“படம் நல்லாத்தான் இருக்கு. அளக்க வந்தவங்களும் நல்லாத்தான் பேசுனாங்க. இத யாரு குடுத்தா?”

“வீட்டுக்காரரு.”

“அவருக்கு எதுக்கு இது?”

அளக்கும் காலை மடக்குகிறேன், மடக்கி முடிக்கும்வரை அவர் நகரவில்லை.

நாளை ஒரு பையில் அரிசி நிரப்பிப் பாறைமேல் வைத்து, லென்ஸை அதில் சாய்த்துப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன்னால், இன்றே, அளக்கும் கால் அவருக்கு எதற்கு என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.