சரிசமமாக வைத்த தேன்

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் பலகை என்றால் உட்காருவதற்கு. பங்களாவில் பலகை என்றால் சாப்பாடு வைப்பதற்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை, துரைசாணி கழுவச் சொல்லிக் கொடுத்த பலாப் பலகையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அவர் உட்காருவதற்கு வசதியாக மேசைக்குப் பக்கத்தில் தரையில் போட்டு வைத்தேன். குசினியிலிருந்து எட்டிப் பார்த்த மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

மச்சான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், துரையின் பங்களாவுக்கு அவர்தான் சமையல் கோக்கி. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நான் சொன்னதும், பள்ளிக்கூடம் உடனே சம்மதித்தது. சில வருசம் மலையில் வேலை பார்த்துவிட்டு, இருபது வயதில் மச்சானுக்குக் கீழே மேசை வேலைக்குப் போனேன். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். எங்கள் துரை மட்டும் போகவில்லை. துரைசாணிக்கு இந்த ஊர்க் குளிர் பிடித்திருந்தது. அதைவிட இந்த ஊர்த் தேன் பிடித்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் வருவார்கள். அவர்களுக்காகத்தான் அந்தப் பலகை. கொழும்பிலிருந்து வரும் மஞ்சள் சீஸ், நீலமாகப் பாசி பிடித்த இன்னொரு சீஸ், துரைசாணி தன் கையாலேயே பாலைத் திரிய வைத்துத் துணியில் கட்டிச் செய்த வெள்ளை சீஸ். உப்புப் போட்டுப் புகையில் காய்ந்த பன்றித் தொடையை மச்சான் காகிதம் மாதிரிச் சீவி அடுக்குவார். ஓரத்தில் சோசேஜ் துண்டுகள். இடையிடையே சின்னச் சின்னக் கிண்ணங்களில் தேன்.

எந்தக் கிண்ணம் எதற்குப் பக்கத்தில் என்பது துரைசாணியின் சட்டம். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஒரு சிங்களக் கிராமத்துக்காரர் போத்தலில் கொண்டுவரும் மலைத்தேன் கறுப்பாக இருக்கும், விழுங்கிய பிறகு லேசாகக் கசக்கும். அது பாசி பிடித்த சீஸுக்கு. பங்களாவுக்குப் பின்னால் மண்பானையில் கட்டிய கூட்டில் எடுக்கும் தைலமரப் பூத்தேன் பன்றித் தொடைக்கு. கொசுத்தேன் புளிக்கும்; அது வெள்ளை சீஸுக்கு, சொட்டுச் சொட்டாக. மாற்றி வைத்தால் விரலால் நகர்த்திச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவார்.

“இது உப்பு. அது கசப்பு. ரெண்டும் வாயில சண்டை போடும். பொறகு கல்யாணம் கட்டும்,” என்று தன் தமிழில் எனக்கு விளக்கினார்.

“எங்க வீட்ல கல்யாணம் கட்டின பொறகுதாங்க சண்டை போடும்,” என்றேன்.

துரைசாணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மச்சான் சிரிக்கவில்லை. எந்த வீடு என்று அவருக்குத் தெரியும்.

மச்சானும் அக்காவும் இருந்த கோக்கி அறைக்குப் போய் இந்தக் கதையைச் சொன்னபோது அக்கா நம்பவே இல்லை. எங்களுக்குத் தேன் என்றால் மருந்து; இல்லாவிட்டால் முருகனுக்குப் பஞ்சாமிர்தம்.

“பன்னிக்கறியில தேனா? ஏன்டா, சாமிக்கு ஊத்துறதப் போயி...”

“சாமி பழத்தோட சாப்பிடுது. தொரை பன்னியோட சாப்பிடுது. ரெண்டு பேருமே சம்பளம் குடுக்குறவங்க, நாம என்னாக்கா சொல்ல முடியும்?”

“இவன் பொய் சொல்றான்ங்க,” என்று மச்சானிடம் திரும்பினாள்.

“இது மட்டும் உண்மை,” என்றார் மச்சான்.

மச்சானுக்கு இருந்த பயம் வேறு. தேனும் நெய்யும் சரிசமமாகச் சேர்ந்தால் நஞ்சு என்று எங்கள் ஆட்களில் மருந்து குழைக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒன்று கூட இருக்க வேண்டும், ஒன்று குறைய இருக்க வேண்டும். மச்சானின் கணக்கில் சீஸும் நெய்தான்.

“சீஸுங்கிறது என்னா? பாலு. நெய்யிங்கிறது என்னா? பாலு. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பி,” என்பார்.

“அப்படீன்னா இந்தத் தொரைமாரெல்லாம் எப்பவோ செத்திருக்கணுமே மச்சான்?”

“கோக்கி ஒழுங்கா வைக்கிறான். அதான் சாகல.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சீஸை வெட்டி வைத்துவிட்டு, கண்ணை இடுக்கிப் பார்த்து, அதைவிடக் குறைவாகத் தேனை ஊற்றுவார். பிறகு பக்கவாட்டில் குனிந்து இன்னொரு முறை பார்ப்பார். வாராவாரம் அத்தனை பேரின் உயிரையும் தான் காப்பாற்றி அனுப்புவதாகவே அவர் நினைத்தார். துரைசாணிக்கு அது தெரியாது. எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை துரைசாணி குசினிக்கு வந்து, “இன்னிக்கி தேன் நெறைய வை. ஆளு கூட வருது,” என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் கறுப்புத் தேனை ஒரு கரண்டி கூட ஊற்றினார். ஊற்றிவிட்டு யோசித்தார். சீஸில் இன்னொரு துண்டு வெட்டி வைத்தார். மறுபடியும் யோசித்தார். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

பலகை காலியாகத் திரும்பி வந்தது. அதைக் கழுவிக்கொண்டே முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னேன்:

“மச்சான், கொண்டுபோறதுக்கு முந்தி சும்மா தராசுல போட்டுப் பாத்தேன்.”

“எதை?”

“சீஸையும் தேனையும். முள்ளு நடுவுல நின்னிச்சி. சரிசமம்.”

மச்சானின் கை அப்படியே நின்றது. “எந்தக் கிண்ணம்டா?”

“கறுப்புத் தேன். தொரசாணி முன்னாடி இருந்திச்சே, அது.”

ஏன் சொன்னேன் என்று கேட்டால் காரணம் கிடையாது. அவருக்குப் பயம் வந்தால் கண் இரண்டும் பெரிதாகும், அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தராசை நான் தொடவே இல்லை. மறுநாள் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது உண்மையைச் சொல்லி அவரைக் கொஞ்சம் கத்த விடலாம் என்று இருந்தேன். விருந்து முடியும்வரைக்கும் அவர் சாப்பாட்டறைக் கதவோரமாக நின்று, உள்ளே துரைசாணி சிரிக்கிறாரா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி கொதிக்கிறதுக்குள் துரைசாணி ரோசாப் பாத்திக்குப் பக்கத்தில் விழுந்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. துரையும் நானும் தூக்கினோம். மச்சான் தூக்க வரவில்லை, குசினி வாசலிலேயே நின்றார். கார் கேட்டைத் தாண்டிப் போனதும் நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தேன்.

“மச்சான், நேத்து சொன்னது பொய்யி. நான் தராசைத் தொடவே இல்ல. சும்மா வெளையாட்டுக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

“நீ நல்லவன்டா மாப்ள. என்னைத் தேத்தப் பாக்குற.”

“இல்ல மச்சான், நெசமா!”

“மேல்பார்வை பாக்குற கண்டாக்கு ஐயாவோட நாய்க்கு பேறுகாலப் பணம் வந்திருக்குன்னியே, அதுவும் நெசமான்னுதான் சொன்ன,” என்றார். சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தார்.

செவ்வாய்க்கிழமை துரை மட்டும் வந்தார். குசினிப் படியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, “தொரசாணி போச்சு,” என்றார். அவர் பழகிய தமிழில் ஆளுக்கும் பொருளுக்கும் ஒரே சொல்தான். அதைக் கேலி செய்து லயத்தில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். “நெஞ்சு கெட்டுப் போச்சு. டாக்டர் ரெண்டு வருசம் முன்னால சொல்லிச்சு.”

எனக்கு உயிர் வந்தது. “கேட்டீங்களா மச்சான், ரெண்டு வருசமா உள்ள வியாதி!”

“வெசம் மொதல்ல நெஞ்சுக்குத்தான்டா போகும்,” என்றார் மச்சான்.

அவரை நம்ப வைக்க என்னென்னவோ செய்தேன். கடைசியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய், கற்பூரத்தை ஏற்றி, அதை அடித்துச் சத்தியம் செய்யக் கையை ஓங்கினேன். எனக்கு முந்தி அவர் வெறும் உள்ளங்கையால் நெருப்பை அமுக்கினார்.

“எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாதடா. வீட்ல புள்ளத்தாச்சி இருக்கா.”

அக்காவுக்கு அப்போது நாலு மாதம். அன்று வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். நம்ப வைக்க எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

“ஏன்டா?” என்று மட்டும் கேட்டாள். அவள் திரும்பவும் அரிசி பார்த்தாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் பலகை வெளியே வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை துரை தனியாகத்தான் உட்கார்ந்தார். துரைசாணி வைப்பது போலவே வைக்கச் சொன்னார். மச்சான் சீஸை வெட்டினார், பன்றித் தொடையைச் சீவினார், கிண்ணங்களைக் காலியாகவே வைத்துக் கொண்டுபோனார்.

“தேன் எங்க மேன்?”

மச்சான் ஒரு கிண்ணத்தை எடுத்துத் திரும்பவும் அங்கேயே வைத்தார்.

“தேன் கொண்டா. அவளுக்கு அதுதான் சந்தோசம்.”

“நான்தாங்க தொரை,” என்றார் மச்சான். “நான் வெச்சதுதாங்க.”

“ஆமா, நீதான் வெச்சது. ரொம்ப நல்லா வெச்சது,” என்றார் துரை. கிழவரின் கண்ணில் தண்ணீர். மச்சான் அங்கேயே அழுதார். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. புரிந்த ஒரே ஆள் நான், கையில் தண்ணீர்க் கூசாவோடு நின்றேன். துரையிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைத் துரத்துவார் என்று பயந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் மச்சான் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மலை வேலைக்குப் பேர் கொடுக்க நின்றார். துரை கூப்பிட்டு அனுப்பியும் வரவில்லை. கோக்கிக்கு என்று கொடுத்திருந்த அறையைக் காலி செய்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கே திரும்பினார். தேயிலைக்கு மருந்து அடிக்கும் வேலை கிடைத்தது. அக்கா ஐந்து மாத வயிற்றோடு கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். துரை என்னைக் கோக்கியாக நிறுத்தினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். எதற்கெல்லாமோ வருகிற வாய், அதற்கு வரவில்லை.

வீட்டில்கூட மச்சான் அதற்குப் பிறகு அடுப்புப் பக்கம் போகவில்லை. கறிக்கு உப்புப் போடச் சொன்னாலும், “நீயே போடு” என்பார்.

மாசியில் ஒரு மத்தியானம் பிள்ளை பிறந்தது. பையன். குளிப்பாட்டித் துணியில் சுற்றியதும், “சேனை வைக்கிறது யாரு?” என்று மருத்துவச்சி கேட்டார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மச்சான் காதில் விழாதது போல வெளியே போய்விட்டார்.

தாய்மாமன் நான்தான். கையை இரண்டு தரம் கழுவிக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“நீ வேணாம்டா,” என்றாள் அக்கா.

மருத்துவச்சி என்னைப் பார்த்தார். நான் சிரித்து வைத்தேன்.

“கோவிச்சிக்காத. மாமன் சீரு, மொட்டை, காதுகுத்து எல்லாம் நீ செய்யி. நாக்குல மட்டும் வேணாம்.”

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வேறொரு அக்கா வந்து சீனித் தண்ணியைத் தொட்டு வைத்தார். பிள்ளை சப்புக் கொட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்தேன்.

மச்சான் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் உட்கார்ந்திருந்தார். மருந்து பட்டு அவர் விரல்களெல்லாம் நீலமாக இருந்தன.

“வெச்சாச்சா?”

“வெச்சாச்சு மச்சான்.”

“நீதானே?”

“இல்ல. பக்கத்துக் காம்பரா அக்கா.”

“போடா! தாய்மாமன் இருக்கப்ப அவங்க எதுக்கு?” என்று சொல்லிவிட்டு மச்சான் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன். “இதுலயும் வெளையாட்டு ஒனக்கு.”

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுபடியும் சொல்லிப் பார்க்கவில்லை.