ரோம், வெனிஸ், பாரிஸ்: வழி அன்னூர்

டிராவல்ஸ் ஆபீஸில் வேலை என்று சொன்னால் போதும், "அப்ப உலகமெல்லாம் சுத்தியிருப்பீங்க" என்று கண்ணை விரிப்பார்கள். உண்மையில் நாங்கள் சுற்றுவது ஜெராக்ஸ் கடைக்கும் கூரியர் ஆபீஸுக்கும் நடுவில்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைச் சிரித்த முகத்தோடு சமாளிக்கிற வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். பக்கத்தில் உட்காருங்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. காசி, காட்மாண்டு, சிங்கப்பூர் என்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் முதலாளிக்கு ஒரு நாள் ஐரோப்பா ஆசை வந்தது. ரோம், பிளாரன்ஸ், வெனிஸ், வியன்னா, பாரிஸ். மொத்தம் பத்து நாள். "நீ பிளான் போடு. ஆள் சேந்தா கூடப் போறதும் நீதான்" என்றார். அதுவரை நான் விமானத்தைப் பீளமேடு ஏர்போர்ட் பக்கம் தலைக்கு மேலேதான் பார்த்திருந்தேன். ஆகவே இந்த டூர் கிளம்ப வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவர்களில் முதல் ஆள் நான்.

ரோமுக்கு எதுக்குங்க?

முதலில் வந்தவர் அன்னூர் நாச்சிமுத்து. தோட்டம், அதோடு ஒரு சின்ன நூல் மில். மனைவி தெய்வானையம்மாளையும் கூட்டி வந்திருந்தார். நான் ரோம் படங்களை விரித்து வைத்து, இது இத்தனை பழசு, அது அத்தனை பழசு என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கூரை இல்லீங்களே" என்றார். அதற்குமேல் ரோமைப் பற்றி அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை. ரோமைத் தூக்கிவிட்டு வேறு ஏதாவது ஊர் போட முடியுமா என்று பார்க்கச் சொன்னார்.

படப் புத்தகத்தை மூடப் போன நான், வளைவு வளைவாகத் தூண்கள் நிற்கிற ஒரு படத்தைப் பார்த்து, "இது மட்டும் என்னன்னா, மலையிலிருந்து ஊருக்குத் தண்ணி கொண்டாந்த வாய்க்காலுங்க. தூணுக்கு மேல ஓடியிருக்கு" என்று சும்மா சொல்லி வைத்தேன். மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். மோட்டார் இல்லாமலா? தண்ணீர் ஓட வாட்டம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வழியில் தோட்டக்காரர்கள் மடை திறந்துகொள்ளவில்லையா? பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் மனைவியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "எங்கூருக்கு ஆத்துத் தண்ணி வருது வருதுன்னு எங்க அப்பாரு காலத்துலிருந்து சொல்லிக்கிட்டே இருக்கறாங்க. கொண்டாந்தவன் ஊரு எப்பிடி இருக்குதுன்னு பாத்துப்போட்டு வாரேன். ரோமுக்கு இன்னொரு நாள் சேத்திப் போடுங்க அம்மணி."

பத்து நாளில் எத்தனை ஊர்

அடுத்த வாரம் வந்தவர் பெருந்துறையில் பம்ப் செட் பாகங்கள் செய்யும் துரைசாமி. சுறுசுறுப்பான மனிதர். அவர் மனைவி ருக்மணி பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். "சித்திரை கடைசியில கெளம்பறதுதானுங்களே? அதே டூர்ல போடுங்க, வேற தேதி வேண்டாம்." ஜாதகம் பார்த்து நாள் குறித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

துரைசாமிக்கு ஐந்து ஊர் போதவில்லை. "எப்பிடியும் அவ்வளவு தூரம் போறமில்லீங்களா?" என்று சொல்லி, சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். ஜெர்மனி, ஹாலந்து, பெல்ஜியம் எல்லாம் வந்தன. "இங்கிருந்து பாத்தா லண்டன் ஒரு சாண் கூட இல்லீங்களே?" என்றார். ஒரு ஊர் என்றால் அங்கே கோட்டை, கோயில், கடைவீதி எல்லாம் நின்று பார்க்க வேண்டாமா, இப்படி ஓடினால் பஸ் ஜன்னலைத்தானே பார்த்துவிட்டு வருவீர்கள் என்று பணிவாகக் கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஏனுங்க, காலைல பழனியில சாமி கும்பிட்டுப்போட்டு, கொடைக்கானலையும் பாத்துட்டு, பொழுதோட ஊட்டுக்கு வந்தர்றதில்லீங்களா?"

பார்வதி டீச்சரின் கோட்டை

வால்பாறையிலிருந்து மலைப் பாதை பஸ்ஸில் இறங்கி, தலை சுற்றல் தீரும் வரை எங்கள் ஆபீஸ் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் பார்வதி டீச்சர். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். தனியாகத்தான் வருகிறார். "எனக்கு ஈபில் டவரெல்லாம் பாக்காட்டியும் பரவால்ல கண்ணு. பாரிஸ்ல பாஸ்டில் கோட்டை. அது மட்டும் பிளான்ல இருக்கோணும்" என்றார். தாராளமாக என்று எழுதிக்கொண்டேன்.

பாரிஸில் எங்களுக்கு ஏற்பாடு செய்கிற ஆட்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். பதில் வந்தது: அப்படி ஒரு கோட்டை இல்லை, இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே பிரெஞ்சுப் புரட்சியில் தரைமட்டம், இப்போது அது வண்டிகள் சுற்றிப் போகிற ஒரு ரவுண்டானா. அந்த அம்மாள் வாழ்நாள் சேமிப்பில் வருகிறார்; அவரிடம் போய்க் கோட்டை இல்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்த முறை அவர் வந்தபோது காபி வாங்கிக் கொடுத்து, வெயிலைப் பற்றிப் பேசி, மெல்ல விஷயத்துக்கு வந்தேன். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இடிச்சுட்டாங்கன்னு வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் கண்ணு. இடிச்ச எடம் அங்கதானே இருக்கும்?"

அறிமுகக் கூட்டம்

டூர் கிளம்பும் முன் எல்லோரையும் ஒரு ஓட்டல் ஹாலில் உட்கார வைத்து, போண்டாவும் காபியும் கொடுத்து, என்ன துணி எடுத்து வர வேண்டும், எதை விமானத்தில் ஏற்றக் கூடாது என்று சொல்வது எங்கள் வழக்கம். அன்று நாச்சிமுத்து முதல் வரிசையில் இருந்தார். துரைசாமி உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றார். பிறகு ஒரு நாற்காலியை எடுத்துச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேருமே போண்டாவைத் தொடவில்லை. பார்வதி டீச்சர்தான் என் காதில், "சண்டையா?" என்றார்.

மறுநாள் காலையில் எல்லாம் தெரிந்துவிட்டது. இருவரும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி. தோட்டத்துக்குப் போகிற தடம் யாருடையது என்று வந்த சண்டையில் பேச்சு வார்த்தை நின்று, தம்பி பெருந்துறைக்கே குடி போய்விட்டார். அம்மா காரியத்தில்கூட ஆளுக்கொரு பந்தலில் நின்றார்களாம். ஒருவர் அன்னூர், ஒருவர் பெருந்துறை. எனக்கு எப்படித் தெரியும்? நாச்சிமுத்து போன் செய்து, "அவன் வந்தா நான் வரலீங்க" என்றார். ரிசீவரை வைத்த உடனே துரைசாமி: "அவரு வந்தா நான் வரலீங்க." இரண்டு குடும்பம் கழன்றால் பஸ் நிறையாது, பஸ் நிறையாவிட்டால் டூரே இல்லை. பார்வதி டீச்சருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அன்று மத்தியானம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், வருத்தம் வேண்டாம் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவன் நின்னுக்கிட்டானா?" என்பது. "இல்லீங்க, அவர் சொல்லிக்கிட்டு மட்டும்தான் இருக்கறாரு, இன்னும் எழுதிக் குடுக்கலீங்க" என்றேன். அது உண்மைதான். "அவன் போறப்ப நான் எதுக்குங்க நிக்கோணும்? பஸ்ஸுல முன்சீட்டு எனக்கு" என்றார் நாச்சிமுத்து. உடனே தம்பிக்குப் போட்டேன். அண்ணன் வருகிறார், முன்சீட்டு கேட்டிருக்கிறார் என்றேன். துரைசாமி சொன்னார். "அப்ப எனக்குக் கடைசி சீட்டுப் போடுங்க. அவரு மூஞ்சிய நான் பாக்க வேண்டாம், முதுகு போதும்."

ஸ்வெட்டர் கடையில்

கிளம்பும் முன் எனக்கும் ஒரு ஸ்வெட்டர் வேண்டுமே என்று கிராஸ்கட் ரோட்டுக்குப் போனேன். கோயம்புத்தூரில் சித்திரை மாத வெயிலில் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். ஆனால் அந்தக் கடையில் எனக்கு முன்பே இரண்டு பெண்கள் ஸ்வெட்டர் குவியலுக்குள் இருந்தார்கள். ஒருத்தி போட்டுப் பார்க்க, மற்றவள் முதுகுப் பக்கம் இழுத்துவிட்டு, "அக்கா, இந்த மெரூன் உங்களுக்கு எடுப்பா இருக்குது" என்றாள். திரும்பினார்கள். தெய்வானையம்மாள், ருக்மணி.

முதலில் சுதாரித்தவர் ருக்மணிதான். ஆண்கள் பேச்சை நிறுத்தினாலும், அக்கா தங்கை மாதிரிப் பழகிய இந்த ஓரகத்திகள் ஒரு நாளும் நிறுத்தவில்லை; தெரிந்தவர்கள் வீட்டுப் போனில் வாரா வாரம் பேச்சு. டூர் விளம்பரத்தைப் பார்த்தது ருக்மணி, தேதியைச் சொல்லிவிட்டது தெய்வானையம்மாள். "ஊர்ல ஒரு கல்யாணத்துல எதிர்ல பாத்தாக்கூட ஆளுக்கொரு பக்கம் காரெடுத்துக்கிட்டுப் போயர்றாங்க. பாஷை தெரியாத ஊர்ல எங்க போவாங்க?" என்று ருக்மணி விளக்கினார். வியர்வை ஒழுக ஸ்வெட்டரைக் கழற்றிய தெய்வானையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மணி, நீங்க எங்களப் பாக்கலீங்க. நாங்களும் உங்களப் பாக்கலீங்க."

வெனிஸில் ஒரு பாலம்

ரோமில் நாச்சிமுத்து அந்தத் தண்ணீர் வளைவுகளை அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டார். பிளாரன்ஸில் தெய்வானையம்மாள் கொண்டு வந்த பருப்புப் பொடி ஓட்டல் சாப்பாட்டு மேஜையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வந்தது. தம்பி தட்டுக்கும் போனது, அவர் யார் கொடுத்தது என்று கேட்காமல் போட்டுக்கொண்டார். ஆனால் முன்சீட்டும் கடைசி சீட்டும் அப்படியே இருந்தன.

வெனிஸில் பஸ்ஸுக்கு வழியில்லை. தெருவுக்குப் பதில் தண்ணீர், நடக்க ஒரு ஆள் அகலச் சந்துகள், இருபது அடிக்கு ஒரு பாலம். படகுத் துறைக்குத் திரும்பி வந்து ஆட்களை எண்ணினால் நாச்சிமுத்துவைக் காணோம். அவருக்கு ஆங்கிலம் தகராறு. ஓட்டல் பேர் எழுதிய அட்டை தெய்வானையம்மாள் பையில். அந்தம்மாள் சத்தம் போடாமல் அழ ஆரம்பித்தார். நான் ஒரு போலீஸ்காரரிடம் சைகையில் வேட்டி, மீசை என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஏதோ நாட்டியக்காரி என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் பின்னால் நின்ற துரைசாமி முன்னால் வந்தார். "அவரு எங்கயும் போயிருக்க மாட்டாருங்க. தேர்க் கூட்டத்துல தொலஞ்சா நின்ன எடத்துலயே நிக்கோணும்னு எங்கய்யன் சொல்லி வளத்திருக்கறாரு. அவரு நகர மாட்டாரு. நாமதான் போகோணும்" என்றார். அவரும் நானும் வந்த வழியிலேயே திரும்பி நடந்தோம். நடை ஓட்டமானது. ஒவ்வொரு பாலத்திலும் நின்று, அந்தச் சின்ன மனிதர் தண்ணீரைப் பார்த்து, "அண்ணா! அண்ணா!" என்று கத்தினார். ஜன்னல்கள் திறந்தன. அதற்கு முன் அவர் அந்தச் சொல்லைச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருக்கும். கத்தக் கத்தக் குரல் உடைந்துபோனது.

ஒரு குட்டிப் பாலத்தின் நடுவில், ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நாச்சிமுத்து நின்றிருந்தார். உதடு காய்ந்து, முகம் வெளிறி இருந்தது. தம்பியைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஏன்டா தொரை, வாரதுக்கு இவ்வளவு நேரமா?"

நல்ல வேலை

வியன்னாவில் எங்கள் பஸ்ஸின் முன்சீட்டு காலி, கடைசி சீட்டும் காலி. நடுவில் ஒரே சீட்டில் இரண்டு பேரும் அடைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றியும், விற்ற மாடுகளைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்கள். அரண்மனை ஜன்னலுக்கு வெளியே போனது. யாரும் பார்க்கவில்லை.

பாரிஸில் பார்வதி டீச்சருக்காகப் பாஸ்டிலில் இறங்கினோம். நடுவில் உயரமாக ஒரு தூண், சுற்றிலும் ஹார்ன் அடிக்கிற கார்கள், ஓரத்தில் காபிக் கடைகள். டீச்சர் பட்டுப் புடவைக்கு மேல் ஸ்வெட்டரோடு நடைபாதையில் நின்று, இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு அவர் என்னிடம் திரும்பினார். "ஒரு செங்கல்கூட மிச்சம் வெக்கல கண்ணு. நல்லாத்தான் இடிச்சிருக்கறாங்க."

அடுத்த டூர்

ஊர் திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து தெய்வானையம்மாளும் ருக்மணியும் ஒளிவு மறைவில்லாமல் ஒன்றாகவே ஆபீஸுக்கு வந்தார்கள், கையில் இனிப்பு ஒப்புட்டு டப்பாவோடு. துரைசாமி வாரம் பாதி அன்னூரில்தான் இருக்கிறாராம். தடம் இரண்டு பேருக்கும் பொது என்று முடிவாகிவிட்டது. கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் முதலாளியும் ஒப்புட்டு சாப்பிட்டுக்கொண்டே, அடுத்து சுவிட்சர்லாந்து போடுகிறோம், நாலு பேருக்கும் இப்போதே இடம் வைக்கட்டுமா என்று கேட்டார்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெய்வானையம்மாள்தான் சொன்னார். "ரெண்டு பேருக்கு மட்டும் போடுங்க. அவிய அண்ணனும் தம்பியும் விட்ட பேச்சையெல்லாம் சேத்திப் பேசிக்கிட்டு ஊட்டுலயே இருக்கட்டும், எங்க காதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணுமுங்க."

மனிதர்கள் ஊர் பார்க்கத்தான் டூர் போகிறார்கள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர் இந்தத் தொழிலிலேயே எங்கள் முதலாளி ஒருவர்தான்.