அரைமணியின் வலது மணிக்கட்டு

தெருவில் அவருக்குப் பெயர் அரைமணி. "அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறேன், உட்காருங்க" என்பார். அரை மணி நேரம் வாயடித்துவிட்டுத்தான் எழுப்புவார். சலூன் வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. வாய் எங்கே ஓடினாலும் கை தப்பியதில்லை.

அந்த வலது கைதான் மூன்று வருஷமாக மக்கர் பண்ணியது. மணிக்கட்டு மூட்டு தேய்ந்துவிட்டது. மாத்திரை, ஊசி, தைலம், எதற்கும் வலி மசியவில்லை. டாக்டரம்மா மென்று விழுங்காமல் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு. எலும்பை ஒண்ணா சேர்த்து இறுக்கிட்டா வலி பெரும்பாலும் போயிடும், ஆனா மணிக்கட்டு மடங்காது. செயற்கை மூட்டு வெச்சா மடங்கும், ஆனா ஓயாம வேலை செய்யற கையில சீக்கிரம் தளர்ந்துடலாம். உங்களுக்கு எது சரின்னு அடிச்சுச் சொல்ல எனக்கே தெரியல."

மடங்காத கையோடு காலம் தள்ள முடியுமா என்று பார்க்க, பிளாஸ்டிக் கட்டு ஒன்றை மாட்டி அனுப்பினார். பதினைந்து நாள் கடை வேலையும் அதைப் போட்டுக்கொண்டேதான் செய்ய வேண்டும்.

கட்டுப் போட்ட கையிடம் எவன் கழுத்தைக் கொடுப்பான்? அரைமணி தினமும் கடைக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி டிராயரில் போட்டார். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தார். சாயங்காலம் மாட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போனார். கெடு முடிந்ததும், "ஒரு கஷ்டமும் இல்ல டாக்டர், இறுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். வலி ஒழிந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. அறுவைக்கு நாளும் குறித்தாயிற்று.

கட்டைக் கழுவ எடுத்த மனைவி, அதன் வெல்க்ரோ ஒட்டுப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பதினஞ்சு நாள் சலூன்ல இருந்திருக்கு. ஒரு முடி கூட ஒட்டலையே?"

டிராயர் கதையை அரைமணி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கடை விடுமுறை நாளில் அவளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். "கட்டைப் போட்டுக்கிட்டு எனக்கு வெட்டுங்க."

"கோணலாப் போயிடும்மா."

"போகட்டும். என் முடி ரெண்டு மாசத்துல வளர்ந்துடும். உங்க கையை ஒரு தடவை இறுக்கினா இறுக்கினதுதான்."

வலப்பக்கம் எப்படியோ ஒப்பேற்றினார். இடது காதுக்குப் பின்னால் கத்தரி போகவே இல்லை. முழங்கையைத் தூக்கினார், குனிந்தார், நாற்காலியைச் சுற்றி வந்தார். அரை மணி நேரம் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது.

மறுநாள் காலையில் போன் செய்தார். "பொய் சொல்லிட்டேன் டாக்டர். இந்தக் கட்டோட வேலை ஓடாது போலிருக்கு. அப்போ அந்தச் செயற்கை மூட்டா?"

"அதுவும் நிச்சயம் இல்லைன்னு சொன்னேனே. ஆபரேஷனைத் தள்ளி வைப்போம். இன்னொரு பதினஞ்சு நாள் போட்டுப் பாருங்க. இந்தத் தடவை நிஜமா."

அன்று கட்டோடு கடையைத் திறந்தார். முதலில் வந்தவர், இருபது வருஷ வாடிக்கை. கட்டைப் பார்த்தார், அரைமணியின் முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கத்தரி மட்டும் போதும்" என்றார். "சவரம் வீட்டுலயே பண்ணிக்கிறேன்."