கைப்பிடியில் இரண்டாவது ஓட்டு

மருமகளின் சாம்பாரைத் தன் சாம்பாரோடு ஒப்பிட்டு மீனாட்சியம்மாள் ஒருநாளும் பேசியதில்லை. ஆங்கிலம் என்று வந்துவிட்டால் மட்டும் ஒப்பீட்டில் விட்டுக்கொடுக்க மாட்டார். கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் டைப்பிஸ்ட். ஓய்வு பெற்றபின், மாட்டுங்கா வீட்டில் உட்கார்ந்தபடி தாராவிப் பட்டறைகளுக்கு ஆங்கில மெயில் எழுதித் தருகிறார். யாராவது 'பெட்டர்' என்றால், எதைவிட என்று கேட்பார். பதில் வராதவரை விரல் கீபோர்டில் இறங்காது.

அன்று மதியம் தோல்பை பட்டறைக்காரர் முகைதீன் இரண்டு பைகளோடு வந்தார். ஒன்று, ஜெர்மனிக்காரர்கள் ஒப்புக்கொண்ட சாம்பிள். மற்றது, பெட்டியில் ஏறக் காத்திருக்கும் நானூறு பைகளில் ஒன்று. சாம்பிளோடு ஒப்பிட்டால் சரக்கு எப்படி என்று எழுத்தில் கேட்டிருந்தார்கள். நான்கு மணிக்குள் பதில் போகவில்லையென்றால் ஆர்டர் ரத்து.

"பெட்டர் தேன் சாம்பிள்னு போடுங்கம்மா. கைப்பிடிக்கு ஒரு ஓட்டு, ஒரே வரிசைத் தையல் போடச் சொன்னாங்க, நான் ரெண்டு ஓட்டு தச்சிருக்கேன். அதுக்குத் தனிக் காசுகூடக் கேக்கல."

அவர் பட்டறையில் அதுதான் வழக்கம். நல்ல வாடிக்கைக்குக் கேட்காமலே கொஞ்சம் கூட்டிச் செய்வது மரியாதை. கடல் தாண்டினால் அந்த மரியாதைக்குச் சாம்பிளை மீறியது என்று பெயர். அப்படித் திரும்பிய சரக்குகளுக்கு மீனாட்சியம்மாளே கடிதம் அடித்திருக்கிறார். அதைச் சொன்னதும் முகைதீன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அப்படியானால் 'சேம் ஆஸ் சாம்பிள்' என்று போட்டுவிடச் சொன்னார்.

மீனாட்சியம்மாள் மறுத்தார். 'பெட்டர்' என்பது உண்மை, ஆனால் சரக்கைத் திருப்பி அனுப்ப வைத்துவிடும். 'சேம்' என்பது பொய், முதல் பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். தையலைப் பிரித்துவிடலாம் என்றால் தோலில் ஊசித்துளை நிற்கும். மணி மூன்றேகால்.

அவர் ஸ்கேலை எடுத்தார். வார், ஜிப், உள்துணி என்று இரண்டு பைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்தார். முகைதீன் கடிகாரத்தைப் பார்த்தார், படிவரை போனார், திரும்பி வந்தார். மூன்று ஐம்பதுக்கு மீனாட்சியம்மாள், அடித்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினார். சாம்பிளின் கைப்பிடியில் ஒரு வரிசைத் தையல், சரக்கில் இரண்டு. மற்றதெல்லாம் சாம்பிளைப் போலவே.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை இல்லையேம்மா."

"அத அவங்க சொல்லட்டும் பாய்."

மெயில் போனது. இருபத்தைந்து நிமிடம் இருவரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். தொடாமல் வைத்த டீ ஆடை கட்டியது.

பதில் இரண்டே வரி. இந்தச் சரக்கை ஏற்கிறோம். அடுத்த முறை ஒரு வரிசை மட்டும், சாம்பிளைப் போலவே.

முகைதீன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். நானூறு பையும் தப்பின. அடுத்த கணமே முகம் சுருங்கியது.

"அப்ப இனிமே கம்மியாத் தைக்கணுமாக்கும்."

எதைவிடக் கம்மி என்று மீனாட்சியம்மாள் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது அன்று ஒருமுறைதான்.

படியில் கால் வைத்தவர் திரும்பினார். "உங்களுக்கு ஒரு பை தச்சுத் தாரேம்மா. ரெண்டு ஓட்டு. அதுக்கு லெட்டர் எழுத வேண்டாம்லா?"