சாம்பிராணி வாசம் அடித்த மீன் வாளி

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு லிட்டில் இந்தியா சந்தில் ஒரு ஏர்கான் பழுதுபார்க்கும் கடை போட்டேன். அது ஆறு வேன் ஆனது. புக்கிட் பாத்தோக்கில் சொந்தப் பட்டறை எழுந்தது. "அங்கிள், இங்கிலீஷ் வாசிப்பீங்களா?" என்று என்னைக் கேட்ட பேங்குக்காரன், பிறகு எழுந்து நின்று நாற்காலி போட்டான். ஆனால் இதெல்லாம் பிற்பாடு. முதல் சாதனை பத்து வயதில், கிளமெண்டியில், சித்தப்பா வீட்டில் நடந்தது. அதற்கு மட்டும் இன்றுவரை ஒருவரும் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சித்தப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். அவரைப் போல ஒரு கைவேலைக்காரரை நான் பார்த்ததில்லை. வீட்டில் நாலடி நீளத்துக்குக் கடல்மீன் தொட்டி வைத்திருந்தார். தண்ணீர்கூடக் கடலிலிருந்து கேனில் வரும். இரண்டு முறை மீன்கள் செத்துப்போயின. மூன்றாவதாக வந்த ஜோடி, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது, ஒரு வருஷம் தாண்டியிருந்தது. "இதுவும் செத்துச்சுன்னா தொட்டிய வித்துரணும்" என்று சித்தி சொல்லியிருந்தாள். சித்தப்பாவும் தலையாட்டியிருந்தார்.

பழைய மரமேசை உப்பில் ஊறி ஆட்டம் கண்டதும் அவரே ஒரு இரும்பு ஸ்டாண்டு செய்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், குமிழ் நடுவை விட்டு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொட்டியை மாற்றுவதாக ஏற்பாடு. குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீரை இறக்கி, வாளி வாளியாகப் பிடித்து வைத்தார். ஒரு வாளியில் மீன்கள். அதற்குக் காற்று கொடுக்கும் சின்ன பம்ப் பக்கத்திலேயே தரையில். அடியில் மணலோடு கனத்துக் கிடந்த தொட்டியைத் தூக்க அவரும் மூன்று கூட்டாளிகளும்.

நாலரைக்கு ராகு காலம். புது இரும்பு வீட்டுக்குள் வந்தால் தூபம் காட்டாமல் விடுவாளா என் அம்மா? சிராங்கூன் ரோட்டில் நல்ல சாம்பிராணியாக வாங்கி வந்திருந்தாள். "தம்பி, சட்டுன்னு ஏத்துங்க, நேரமாச்சு!" என்று ஸ்டாண்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, தூபக்காலைத் தரையில் வைத்தாள். பம்புக்கு ஒரு சாண் தள்ளி.

தொட்டி அந்தரத்தில் இருந்தபோது நான் வாளியைப் பார்த்தேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"சித்தப்பா, மீனு!"

"டேய், கை நெறைய கண்ணாடிடா! பேசாத!"

"விட்டுறாத லா, என் காலு இருக்கு கீழ!" என்றார் ஒரு கூட்டாளி.

வாளியில் குனிந்து மோந்தேன். கடல் வாசம் இல்லை, கோயில் வாசம் அடித்தது. பம்ப் புகையை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருந்தது! பிளக்கைப் பிடுங்கினேன். வாளியைத் தரையோடு தரையாக வெளி வராந்தாவுக்கு இழுத்தேன். சேர்த்து வைத்த நல்ல கடல் தண்ணீரில் ஒரு வாளியையும் இழுத்து வந்து, மக்கில் மொண்டு மொண்டு, கடையில் தே தாரிக் டீயை ஆற்றுகிறவர் மாதிரி உயரத்திலிருந்து மீன் வாளியில் ஊற்றினேன். தோள் இற்றுப்போனது. பெரிய மீன் ஒரு முறை சாய்ந்தது. நிறுத்தவில்லை. அது நிமிர்ந்தது.

தொட்டியை ஏற்றிவிட்டு எல்லோரும் வந்து பார்த்தபோது இரண்டும் சுற்றிச் சுற்றி நீந்தின. "ஒன் மீனுக்குக் கெட்டி உசுரு லா!" என்று கூட்டாளிகள் சித்தப்பாவின் முதுகில் தட்டினார்கள்.

"இல்ல, சாம்பிராணி..." என்று ஆரம்பித்தேன். சித்தி என் வாயில் ஒரு உளுந்து வடையைத் திணித்தாள். "எல்லாம் அவரு கைராசி" என்றாள்.

அந்த வடையை அழுதுகொண்டே தின்றேன்.

மீனை நான் காப்பாற்றினேன் என்றால், அதைக் கொல்லப் பார்த்தது யார் என்ற கேள்வியும் வரும். ஆசையாகத் தூபம் வாங்கி வந்த என் அம்மா, நாலு ஆம்பளைகள் நடுவில் தலைகுனிந்து நிற்க வேண்டும். கல்யாணமாகி மூன்று வருஷமே ஆன சித்திக்கு அது ஒரு நொடியில் தெரிந்திருக்கிறது. பெரிய மனசு. எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆயிற்று.

இப்போது அம்மா இல்லை, சித்தப்பாவும் இல்லை. அவர் மகள் மட்டும் விசேஷத்துக்கு விசேஷம் "அப்பா கைராசி" என்று அந்தக் கதையைச் சொல்கிறாள். தங்கச்சி, ஸ்டாண்டு உங்கப்பா செய்தது; அதைப் போல இனி ஒருவனால் செய்ய முடியாது. மீனுக்கு உயிர் கொடுத்தது நான். சந்தேகம் இருந்தால் உன் அம்மா இருக்கிறாள், கேள். கேட்டுவிட்டு, அடுத்த தீபாவளிக்கு எல்லோர் முன்னாலும் என் பேரைச் சொல்லியே கதையைத் தொடங்க வேண்டும்.