விருந்தாளிக்கு உப்புத் தண்ணீர்

நான் ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு வியாதிதான். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். மாசி பிறந்தால் குடிக்கத் தண்ணீர் இருக்காது. இதை ஒரே வியாதி என்று சொன்னால் ஆபீசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதலாவது வெள்ளத் தடுப்பு, அது மாடியில். இரண்டாவது குடிநீர், அது கீழே. ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கீழே மனுக் கொடுத்தால் மாடிக்குப் போகச் சொல்வார்கள். மாடியில் கொடுத்தால் கீழே கேட்டீர்களா என்பார்கள். அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கித்தான் எனக்கு மூட்டுவலி வந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதற்கு முன்பே இருந்தது என்பார் என் வீட்டுக்காரர். அவர் பேச்சை விடுங்கள்.

விஷயம் இதுதான். மேற்கே இருக்கும் கண்மாய் நிறைந்து வழிந்தால், அந்தத் தண்ணீர் வரத்துக்கால் என்கிற ஒரு வாய்க்கால் வழியாக எங்கள் ஊருணிக்கு வர வேண்டும். வரத்துக்கால் முழுக்க வேலிக்கருவை முள் முளைத்து, மண் மேவி, மேடாகிக் கிடந்தது. வருகிற தண்ணீர் என்ன செய்யும்? பள்ளமாக இருக்கிற கீழத்தெருவுக்குள் புகுந்து, அடுப்படியில் நாலைந்து நாள் குடியிருந்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஊருணியில் கணுக்கால் நனைகிற அளவுதான் தங்கும். கோடை வந்தால் ஆழ்துளைப் போர்க் குழாயில் உப்புத் தண்ணீர்தான். அதில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை வைத்துக்கொண்டு கடலோரப் பனங்காட்டுக்குப் போவோம். அங்கே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதைச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் இருப்பது இனிக்கும், ஊருக்கு நடுவில் இருப்பது கரிக்கும். எங்கள் ஊர் லட்சணம் அப்படி.

வரத்துக்காலைத் தூர்வாரி, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, கீழத்தெரு முனையில் தண்ணீரைத் தடுக்க ஒரு ஷட்டர் வைத்து, ஊருணியை ஆழப்படுத்தினால் எல்லாம் ஒன்றாகத் தீரும். ஆனால் ஊராட்சிப் பணம் தெருவிளக்குக்கு பல்பு மாற்றவே பத்தாது. அரசாங்கம் நிதி தந்தால்தான் உண்டு.

இதில் எனக்குச் சொந்தக் கவலை ஒன்றும் இருந்தது. கீழத்தெருவில் கடைசி வீடு என் நாத்தனாருடையது, என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் தவறிப்போய், மகனை ராமநாதபுரத்தில் வேலைக்கு அனுப்பிவிட்டு, நாலு ஆடுகளோடு தனியாக இருந்தாள். வருஷா வருஷம் வெள்ளம் வந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் சண்டைதான். குழம்பில் புளி கூடிவிட்டது என்பதில் ஆரம்பித்து, எங்கள் கல்யாணத்தில் யார் யாருக்குச் சேலை எடுக்கவில்லை என்பது வரை போகும். என் வீட்டுக்காரர் நடுவில் பேசவே மாட்டார். இரண்டு பேர் கையாலும் சாப்பிட வேண்டியவர் அல்லவா.

ஒரு வருஷம் கார்த்திகையில் அவள் வீட்டுப் பின்சுவர் இடிந்து விழுந்தது. மகன் வந்து பார்த்துவிட்டு, அடுத்த மழைக்குள் அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போகப் போவதாகச் சொன்னான். அவளும் சரி என்று தலையாட்டினாள். அவள் இல்லாத ஊரில் நான் யாரோடு சண்டை போடுவேன்? இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிக்கட்டில் இன்னும் வேகமாக ஏறி இறங்கினேன்.

தொல்லை தாங்காமல் ஒரு வழியாக ஊரைப் பார்த்து வர ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். மாசிக் கடைசி, நல்ல வெயில். ஊருணியைக் காட்டினேன், தூர்ந்த வரத்துக்காலைக் காட்டினேன், உப்புக் குழாயைத் திறந்து காட்டினேன். இடிந்த சுவரைக் காட்டலாம் என்று நாத்தனார் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் கெட்டது காரியம். அவள் விடியும் முன்பே பனங்காட்டுக்குப் போய் ஊற்றுத் தண்ணீர் எடுத்து, புது மண்பானையில் ஊற்றி, வெட்டிவேர் போட்டு வைத்திருந்தாள். முதலில் ஒரு செம்பு தண்ணீர், பிறகு நன்னாரி சர்பத், பிறகு டீ. அவர் குடித்துவிட்டு, இப்படிப்பட்ட தண்ணீரை ராமநாதபுரத்தில் பார்த்ததே இல்லை என்றார். நாத்தனாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவர் கிளம்பும்போது வண்டியில் ஒரு பாட்டில் நிறைய ஊற்றியும் கொடுத்தாள்.

ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கிறது, அவசரத் தேவை இல்லை என்று அவர் ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? குடித்ததைத்தான் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. நேராக அவள் வீட்டுக்குப் போய்த் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே கேட்டாள்.

“வீடு தேடி வந்த மனுசனுக்கு உப்புத் தண்ணியக் குடுக்கவா மதினி? எங்க அய்யா என்னைய அப்படி வளக்கல.”

தெருவே அவள் பக்கம் நின்றது. என் வீட்டுக்காரர்கூட, முதல் தடவையாக வாயைத் திறந்து, தங்கச்சி செய்ததில் என்ன தப்பு என்றார். அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பழைய சோறுதான்.

மறுபடியும் மனு, மறுபடியும் படிக்கட்டு. இந்தத் தடவை ஒரு பெண் பொறியாளர் வருவதாகத் தகவல் வந்தது. உடனே ஊர்க்கூட்டம் போட்டேன். வருகிறவருக்கு யார் வீட்டிலும் ஊற்றுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, போர்த் தண்ணீர் மட்டும்தான் என்றேன். ஏதோ கோயில் உண்டியலை உடைக்கச் சொன்ன மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இளநீராவது கொடுக்கலாமே என்றார் ஒருவர். தென்னை செழிப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார், கூடாது என்றேன். கலர் சோடா வாங்கிக் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். கலர் குடித்தவருக்கு உப்பு எப்படித் தெரியும்? அதுவும் கூடாது. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த பெரியபட்டினத்து பாயிடம், அன்றைக்கு மட்டும் போர்த் தண்ணீரில் டீ போடச் சொன்னேன். அவர் எழுந்தே விட்டார்.

“கடைய ஒரு நாளைக்குச் சாத்திக்கிறேன் தலைவரம்மா. விருந்தாளிக்குத் திரிஞ்ச டீய ஊத்திட்டு அல்லாகிட்ட நான் என்ன சொல்றது?”

கடைசியில் எல்லோரும் சம்மதித்தார்கள். சம்மதித்த விதத்தைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பொறியாளர் வந்த அன்றைக்குக் காலையிலேயே வெயில் கொளுத்தியது. வரத்துக்கால் நெடுக லெவல் கருவியை வைத்துப் பார்த்தார், முள் குத்தினாலும் பொருட்படுத்தாமல் நடந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சந்தோஷமாக ஊருக்குள் கூட்டி வந்தால் ஒரு குஞ்சு குருமானைக் காணோம். வழக்கமாக வெளியூர்க்காரர் யார் வந்தாலும் பின்னாலேயே ஊர்வலம் வரும். அன்றைக்குக் கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. கடை மூடியிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. வாசலில் நின்றால் வந்தவரை வாங்க என்று சொல்ல வேண்டும், வாங்க என்று சொன்னால் தண்ணீர் கொடுக்க வேண்டும். அந்தப் பாவம் நமக்கெதற்கு என்று ஊரே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

பொறியாளர் நாலு பக்கமும் பார்த்தார். ஊரில் ஆட்கள் இருக்கிறார்களா, எல்லோரும் வெளியூர் போய்விட்டார்களா என்று கேட்டார். பாதி வீடுகள் பூட்டியிருந்தால் இவ்வளவு பெரிய வேலைக்கு நிதி கேட்பது கஷ்டம் என்றும் சொன்னார். இருக்கிறார்கள், எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். உள்ளே இருமல் கேட்கிறது, டிவி சத்தம் கேட்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஆள் இல்லை என்று உள்ளேயிருந்தே குரல் வந்தது.

கடைசி வீட்டுக்கு வந்துவிட்டோம். கதவில் வாயை வைத்துச் சொன்னேன்.

“ஏத்தா, கதவத் தெற. இந்த ஊருல ஆளே இல்லன்னு எழுதப் போறாக.”

நாத்தனார் திறந்தாள். பொறியாளர் வெயிலில் வதங்கிப் போயிருந்தார், படியிலேயே உட்கார்ந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அவளுக்குப் பின்னால் மண்பானை தெரிந்தது, பக்கத்தில் போர்த் தண்ணீர்க் குடமும் தெரிந்தது. எதை எடுப்பாள் என்று நான் அவள் கையையே பார்த்தேன். அவள் உள்ளே போய் இரண்டு டம்ளரோடு வந்தாள். இரண்டிலும் போர்த் தண்ணீர். ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

“நானும் ஒங்களோட குடிக்கிறேன் தாயி. ஒங்களத் தனியா இதக் குடிக்கவிட மனசு வரல.”

சொல்லிவிட்டு, முகம் சுளிக்காமல் தன் டம்ளரை முழுக்கக் குடித்து முடித்தாள். பொறியாளர் ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார், அவளைப் பார்த்தார், பிறகு மிச்சத்தையும் குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொடு என்றேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுப் பெண் கையில் ஒரு செம்போடு வந்து, நாங்கள் பார்க்கிற மாதிரி நின்று குடித்தாள். பிறகு அடுத்த வீடு. கொஞ்ச நேரத்தில் கீழத்தெருவே வாசலில் நின்று உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் சிரித்தேன், பொறியாளரும் சிரித்துவிட்டார்.

தினமும் இதைத்தான் குடிக்கிறீர்களா என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலை என்று மனசுக்குள் வேண்டினேன்.

“இல்ல தாயி, இது சட்டி கழுவ. குடிக்கிறது ஊத்துத் தண்ணி, பனங்காட்டுல. இப்ப எடுக்கத்தான் போறேன், வாரீகளா?”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுபடியும் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் பொறியாளர் எழுந்து செருப்பை மாட்டினார். தள்ளுவண்டியை நாத்தனார் தள்ள, சக்கரம் மணலில் புதைந்த இடத்தில் அவரும் கைபோட்டுத் தள்ளினார். ஊற்றுக்கு முன்னால், விடிந்ததுமே வந்துவிட்டிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் குடங்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளி என்று வழிவிட்டார்கள். அவர் சிரட்டையை வாங்கி அள்ளினார், மணல் கலங்கிவிட்டது. தெளிகிற வரை காத்திருக்க வேண்டும் என்று நாத்தனார் சொன்னாள். காத்திருந்தார். ஒரு சிரட்டை அள்ளிவிட்டு, அடுத்த சிரட்டைக்குத் தண்ணீர் ஊற உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டபோது அவருடைய குடம் கழுத்துவரைக்கும் வரவில்லை. இதற்கு நடுவில் இரண்டு பேரும் மகன், மகள், ஆடு, மாமியார் என்று எல்லாக் கதையும் பேசி முடித்துவிட்டார்கள். நான் பேசியே கிழித்த படிக்கட்டுப் பேச்செல்லாம் அந்த ஒரு குடத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அப்போது தோன்றியது. அந்தத் தண்ணீரில் பாய் கடையைத் திறந்து டீ போட்டுக் கொடுத்தார்.

வெள்ளத்தையும் குடிநீரையும் ஒரே வேலையாகச் சேர்த்து அவர் மதிப்பீடு தயாரித்தார். மாடிக்காரர்களும் கீழ்க்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்களாம், நான் பார்க்கவில்லை. நிதி வந்தது. ஆடியில் இயந்திரம் வந்து வேலிக்கருவையைப் பிடுங்க ஆரம்பித்தது. சுவர் எழுந்தது, ஷட்டர் வந்தது. ஆனால் நாத்தனாரின் மகன் எதையும் நம்பவில்லை. சிமென்ட் எல்லா ஊரிலும்தான் போடுகிறார்கள், மழை வந்தால் தெரியும் என்றான்.

ஐப்பசியில் பலத்த மழை என்று டிவியில் சொன்ன அன்று காலையிலேயே சாமான் ஏற்றக் குட்டியானை வண்டியோடு வந்து இறங்கிவிட்டான். நான் குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுச் சாமான் பாதி வண்டியில் ஏறியிருந்தது, பீரோவையும் ஏற்றித் தார்ப்பாய் தேடிக்கொண்டிருந்தார்கள். தெருவில் சேறு இருந்தது, வெள்ளம் இல்லை. அம்மா ஊருணிக் கரைக்குப் போனவள் திரும்பவே இல்லை, நீங்கள் போய்க் கூப்பிடுங்கள் அத்தை என்றான் மகன்.

கரையில் பாதி ஊர் நனைந்துகொண்டு நின்றது. வரத்துக்காலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுவருக்குள்ளேயே ஓடி வந்து ஊருணிக்குள் விழுந்துகொண்டிருந்தது. நாத்தனார் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்லத்தான் வந்தேன். வழக்கம்போல வாய் வேறு மாதிரி பேசிவிட்டது. மகன் எவ்வளவு நேரம் காத்துக்கொண்டிருப்பான், கிளம்பு என்றேன்.

அவள் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பீரோவ எறக்கச் சொல்லு மதினி. மழையில நனையுது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை பெய்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. வீட்டுக்குப் போய், ஒரு பக்கம் நானும் என் வீட்டுக்காரரும், மறுபக்கம் அவளும் மகனுமாகப் பிடித்து பீரோவை இறக்கினோம்.