என்ன தொழில் என்று எழுதுவது?

எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் நான் வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம்கூட நிறையாத புரட்டாசி மாதம். அன்று அமாவாசை. அமாவாசைக்கு யாரும் தறியைத் தொடமாட்டோம். தறிச் சத்தமே இல்லாமல் தெரு கனவுக்குள் கிடப்பதுபோல் இருந்தது. வீட்டுக்கு வீடு சாம்பிராணிப் புகை மிதந்தது. எங்கோ கோயில் நாகஸ்வரம் கேட்கிறதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா என்றே தெரியவில்லை.

நான் திருப்புட்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். "களை புடுங்கற கைக்குப் பட்டு வருமா?" என்று மாமியார் ஓயாமல் குத்துவார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சித்திரைக்குள் கற்றுக்கொண்டேன். கணவர் புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடைநூல் ஓட்டும் நாடாவை வீசுவது நான்தான். ஆனாலும் அந்த வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்தும் நெசவுக்காரி என்று வந்ததில்லை. ஒரு தடவையாவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தேன்.

அன்று பகலில், வீட்டில் யார் யாருக்கு என்ன தொழில் என்று எழுதிக்கொள்ள மெட்ராசிலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவருக்கு நெசவு என்று எழுதிவிட்டு என்னைக் காட்டிக் கேட்டாள்.

"அது வூட்ல சும்மாதாம்மா இருக்குது" என்றார் கணவர், சிரித்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று தறி ஓடியிருந்தாலாவது அவளே பார்த்திருப்பாள். புருஷன் பேச்சை மறுத்து வெளியாள் முன்னால் பேசவும் நாக்கு எழவில்லை. 'வேலை இல்லை' என்று எழுதப்போனாள்.

அடுப்படியிலிருந்து மாமியார் புயலாக வந்தார்.

"சும்மாவா? டேய், ஆடிக்கு அவள அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டு, மாசம் பூரா தறியப் பாத்துக்கினு குந்தியிருந்தவன்தானே நீ? கரை போடறவ இல்லன்னா காஞ்சிப் பட்டு ஏதுடா? நெசவுக்காரின்னு எழுதும்மா!"

கணவர் தலையைச் சொறிந்தார். அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமியார் என் பக்கம் திரும்பி, "இன்னா வேடிக்கை? கொழம்பு அடி புடிக்குது, போ" என்று விரட்டினார்.

அதற்கப்புறமும் அவர் என்னைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் இன்றைக்கும் யாராவது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, நானே வாய் திறந்து சொல்கிறேன்.